கச்சேரி வீடியோவில் போகப் போக வாயும் பாட்டும் விலகுவது ஏன்? (சந்தேகங்களுக்கு விளக்கம்)

வணக்கம். இன்னிக்கு ஒரே ஒரு கேள்விதான். ஆனா அதுக்குள்ள மூணு கேள்வி ஒளிஞ்சிருக்கு. ஒரு நேயர் அனுப்பியிருக்காங்க, அப்படியே படிக்கிறேன்.

“ஒரு இசைக்குழுவோட கச்சேரியை ரெண்டு கேமரா, ஒரு போன்ல எடுத்தோம். மொத்தம் 2 மணி நேரம். ஆடியோவை மிக்ஸர்ல இருந்து ஒரு சின்ன ரெக்கார்டருக்குத் தனியா எடுத்தோம். எடிட்டிங்ல முதல் பாட்டுக்கு சிங்க் பண்ணினா கச்சிதமா உட்காருது. கடைசிப் பாட்டுக்கு வந்தா வாய்க்கும் பாட்டுக்கும் அரை செகண்ட் வித்தியாசம். போன்ல எடுத்தது இன்னும் மோசம். ஒரு இடத்துல சரியா வருது, அடுத்த இடத்துல போயிடுது. மிக்ஸர் ஆடியோவைக் கேட்டா ஆளே இல்லாத ஹால்ல பாடின மாதிரி இருக்கு. நடுநடுவுல பேட்டி சேர்த்து ஆவணப்படமா பண்ற எண்ணம். இதைக் காப்பாத்த முடியுமா?”

தாராளமா முடியும். எதையும் திரும்ப எடுக்க வேண்டாம். ஆனா முதல்ல நோய் எதுன்னு பார்க்கணும். சிங்க்னா படத்தையும் சத்தத்தையும் ஒரே நேரத்துல பொருத்தறது. “சிங்க் போயிடுச்சு”ன்னு எல்லாரும் ஒரே வார்த்தையில சொல்றது, உள்ளே பார்த்தா நாலஞ்சு வெவ்வேறு கோளாறு. ஒண்ணோட மருந்து இன்னொண்ணுக்கு வேலை செய்யாது.

டைம்லைன்ல, அதாவது எடிட்டிங்ல கிளிப்பெல்லாம் வரிசையா அடுக்கற பட்டையில, மூணு இடத்துல நிறுத்திப் பாருங்க. தொடக்கம், நடு, கடைசி. தாளவாத்தியத்துல அடி விழற இடம், இல்லன்னா பாட்டுல “ப”, “ம” மாதிரி உதடு ஒட்டற எழுத்து வர்ற இடம். படத்துல அடி விழற ஃப்ரேமுக்கும் ஆடியோவுல அலை எழும்பற இடத்துக்கும் எத்தனை ஃப்ரேம் இடைவெளின்னு எண்ணி எழுதிக்கோங்க. மூணு இடத்துலயும் ஒரே எண் வந்தா, கிளிப் வெறுமனே தள்ளி வெச்சிருக்கு. நகர்த்தினா முடிஞ்சுது. 0, 6, 12 மாதிரி சீராக் கூடிக்கிட்டே போனா அது நழுவல். ஒரு இடம் வரைக்கும் சரியா இருந்து அங்கேருந்து திடீர்னு 4 ஃப்ரேம் தாண்டிடுச்சுன்னா, கேமரா அந்த இடத்துல ஒரு ஃபைலை மூடி அடுத்த ஃபைலைத் திறந்திருக்கு. பல கேமரா 4 ஜி.பி. ஆனதும் புது ஃபைல் போடும். சில மாடல்கள்ல அந்த மாறற இடத்துல ரெண்டு மூணு ஃப்ரேம் விழுந்துடும். ரெண்டாவது ஃபைலைத் தனியா சிங்க் பண்ணினா சரியாயிடும். முன்னும் பின்னுமா ஆடினா அது போன் சமாச்சாரம், அதுக்குத் தனியா வர்றேன்.

நேயருக்கு கேமராவுல இருக்கறது சீரான நழுவல். காரணம் இதுதான். ஒவ்வொரு கேமராவுக்குள்ளயும், அந்த ரெக்கார்டருக்குள்ளயும் ஒரு குவார்ட்ஸ் படிகம் துடிச்சுக்கிட்டு இருக்கு. “ஒரு செகண்ட்னா இவ்வளவு”ன்னு அதுதான் கணக்குப் போடும். ரெண்டு படிகம் அச்சு அசலா ஒரே வேகத்துல துடிக்காது. சாதாரணக் கருவிகள்ல பத்து லட்சத்துல சில பத்து பங்கு வித்தியாசம் இருக்கும். கேட்க ஒண்ணுமில்லாத மாதிரி இருக்கு, இல்லையா? பத்து லட்சத்துல 20 பங்கு வித்தியாசம்னா ஒரு மணி நேரத்துல 72 மில்லி செகண்ட். செகண்டுக்கு 25 ஃப்ரேம்ல எடுத்தா ஒரு ஃப்ரேம் 40 மில்லி செகண்ட். ஆக, மணிக்கு கிட்டத்தட்ட 2 ஃப்ரேம். உங்களுக்கு 2 மணி நேரத்துல அரை செகண்ட், அதாவது 7200 செகண்டுக்கு 0.5. பத்து லட்சத்துக்கு 70 பங்கு கிட்ட வருது. கொஞ்சம் அதிகம்தான், ஆனா ஒரு பக்கம் வேகமாவும் இன்னொரு பக்கம் மெதுவாவும் போனா இது நடக்கக்கூடியதுதான். கருவி பழுதுன்னு நினைக்க வேண்டாம்.

இந்தக் கணக்கை ஏன் இவ்வளவு விலாவாரியா போடறேன்னா, அளவை வெச்சே நோயைக் கண்டுபிடிச்சிடலாம். செகண்டுக்கு 29.97 ஃப்ரேம்ல எடுத்த படத்தை 30-ன்னு எடுத்துக்கிட்டா ஆயிரத்துல ஒரு பங்கு தப்பு வரும். மணிக்கு 3.6 செகண்ட், உங்க 2 மணி நேரத்துல 7 செகண்டுக்கு மேல. உங்களுக்கு வந்தது அரை செகண்ட்தான், அதனால அது இல்ல. 44.1 கிலோ ஹெர்ட்ஸ்ல பதிவான ஆடியோவை 48-ன்னு ஓட்டினா பாட்டு வேகமா ஓடும், சுருதியும் கிட்டத்தட்ட முக்கால் கட்டை ஏறிடும். அதை முதல் வரியிலேயே காது கண்டுபிடிச்சிடும். அதுவும் இல்ல. மிச்சம் இருக்கறது கடிகார வித்தியாசம் மட்டும்தான்.

சரி, இப்ப போன். போன்ல எடுத்த வீடியோ பெரும்பாலும் மாறும் ஃப்ரேம் வேகத்துல இருக்கும். 30-ன்னு போட்டிருப்பீங்க. வெளிச்சம் கம்மியானா அது 24-க்கு இறங்கும், சூடானா சில ஃப்ரேமை விடும், அப்புறம் ஏறும். போன்ல பார்க்கும்போது சரியா தெரியும், ஏன்னா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் நேரம் குறிச்சு வெச்சிருக்கும். எடிட்டிங் மென்பொருள் சிலது அந்தக் குறிப்பைச் சரியாப் படிக்காம எல்லா ஃப்ரேமையும் சம இடைவெளியில அடுக்கிடும். மேடை விளக்கு ஏறி இறங்க இறங்க படமும் முன்னே பின்னே போகும்.

இது கடிகார நழுவலா, ஃப்ரேம் வேகக் கோளாறான்னு பிரிச்சுப் பார்க்க ஒரு சுலபமான சோதனை இருக்கு. மிக்ஸர் ஆடியோவை மியூட் பண்ணிட்டு, போன் படத்தை அதோட சொந்த ஆடியோவோட ஓட்டுங்க. தன் ஆடியோவோடயே வாய் பொருந்தலன்னா, ஃப்ரேம் வேகம்தான் குற்றவாளி. தன்னோட பொருந்தி, மிக்ஸர் ஆடியோவோட மட்டும் விலகினா, கடிகாரம். உங்களுக்கு ரெண்டும் சேர்ந்தே இருக்கும்னு நினைக்கிறேன்.

ஃப்ரேம் வேகத்துக்கு மருந்து, எடிட்டிங்குக்குள்ள கொண்டுபோறதுக்கு முன்னாடியே நிலையான ஃப்ரேம் வேகத்துக்கு மாத்தறது. ஹேண்ட்பிரேக் இலவச மென்பொருள், போதும். வீடியோ பகுதியில ஃப்ரேம் வேகத்தைப் போன்ல வெச்ச அதே எண்ணுக்கு வெச்சு, “நிலையான”ங்கறதைத் தேர்ந்தெடுங்க. தரத்தை ஒரு படி தாராளமாவே வைங்க, ஃபைல் பெருசானா பரவாயில்ல. டைம்லைன் 25, போன் 30-ன்னா, 30-க்கே மாத்துங்க. 25 ஆக்கற வேலையை எடிட்டிங்ல பார்த்துக்கலாம். மாத்தின ஃபைலை மறுபடி அதன் சொந்த ஆடியோவோட கடைசிப் பாட்டுல ஒருமுறை பாருங்க. மூல ஃபைலை அழிச்சிடாதீங்க.

இப்ப நழுவலுக்கு. நிறைய பேர் முதல்ல செய்யறது, ஆடியோவை இழுத்து நீட்டறது. வேண்டாம். சுருதி கெட்டுடும்னு சொல்லல. இந்த அளவு நீட்டலுக்கு சுருதி மாறறது ஒரு அரைச் சுரத்தை 100 பங்கு போட்டா அதுல ஒரு பங்குல எட்டுல ஒண்ணு. யாருக்கும் தெரியாது. விஷயம் வேற. உங்ககிட்ட மூணு கேமரா, மூணும் மூணு வேகத்துல நழுவும். ஆடியோவை யாருக்காக நீட்டுவீங்க? கச்சேரிப் படத்துல ஆடியோதான் தூண். அதை நட்டுட்டு, படங்களை அதுல கட்டணும். ஆடியோ டிராக்கைப் பூட்டிட்டு அப்புறம் தொடவே தொடாதீங்க.

படத்தோட வேகத்தை 99.993 சதவீதம்னு மாத்தலாமேன்னு கேப்பீங்க. சில மென்பொருள் ரெண்டு தசமத்துக்கு மேல ஏத்துக்காது, 99.99-ன்னு முழுசாக்கிடும். அதுக்கும் மேல, வேகம் மாத்தின கிளிப்ல அங்கங்கே ஒரு ஃப்ரேம் திரும்ப வரும் இல்ல விழும். மேடையில கேமரா மெதுவா திரும்பற ஷாட்ல அது ஒரு சின்ன விக்கல் மாதிரி தெரியும்.

இதைவிட எளிய வழி, பாட்டுக்குப் பாட்டு வெட்டறது. ஒவ்வொரு பாட்டுக்கும் நடுவுல கைதட்டல் வருதில்ல, அங்க மூணு கேமரா கிளிப்பையும் வெட்டுங்க. ஒவ்வொரு பாட்டையும் தனியா சிங்க் பண்ணுங்க. 6 நிமிஷப் பாட்டுல உங்க நழுவல் வெறும் 25 மில்லி செகண்ட். ஒரு ஃப்ரேம் கூட இல்ல. இன்னொரு சின்னத் தந்திரம்: பாட்டோட தொடக்கத்துல சிங்க் பண்ணாம நடுவுல பண்ணுங்க. அப்ப பிழை முன்னாடி 12, பின்னாடி 12-ன்னு பிரிஞ்சுடும். 15 பாட்டுன்னா மூணு கேமராவுக்கும் சேர்த்து 45 தடவை பொருத்தணும். ஒரு மணி நேர வேலை.

40 நிமிஷம் விடாம வாசிக்கிற உருப்படி இருந்தா மட்டும் இது போதாது. அதுல 4 ஃப்ரேம் வரைக்கும் விலகும். அங்க என்ன பண்ணணும்னா, ஒரு கேமராவுல இருந்து இன்னொண்ணுக்கு வெட்டற ஒவ்வொரு இடமும் உங்களுக்கு ஒரு வாய்ப்பு. வெட்டி வர்ற புது ஷாட்டை அந்த இடத்துல ஒரு ஃப்ரேம் சரிபண்ணி வைங்க. ஓடிட்டிருக்கற ஷாட்டுக்கு நடுவுல நகர்த்தக் கூடாது, படம் துள்ளும். பார்வையாளர் முகம், ஹாலோட தூரக் காட்சி, இதுல வாய் அசைவோ அடியோ தெளிவா தெரியாது. பெரிய திருத்தம் எதுனாலும் அந்த மறைவுலயே பண்ணிடலாம்.

இதுல ஒரு பொறி இருக்கு. அனுபவம் உள்ளவங்களே விழற இடம், அதனால இங்க கொஞ்சம் நிக்கறேன். இப்ப நிறைய எடிட்டிங் மென்பொருள்ல அலைவடிவத்தைப் பார்த்துத் தானா சிங்க் பண்ற வசதி இருக்கு. கேமரா மைக்ல பதிவான ஆடியோவையும் மிக்ஸர் ஆடியோவையும் ஒட்டிப் பார்த்துப் பொருத்தும். ஆடியோவை ஆடியோவோட மிகச் சரியா பொருத்தும். ஆனா படம்?

சத்தம் காத்துல செகண்டுக்கு சுமார் 343 மீட்டர்தான் போகும். உங்க ஒரு கேமரா மேடை ஸ்பீக்கர்ல இருந்து 34 மீட்டர் பின்னாடி நின்னா, படம் உடனே வந்துடும், சத்தம் 100 மில்லி செகண்ட் கழிச்சுதான் அந்த மைக்குக்கு வரும். மிக்ஸர்ல இருந்து ஒயர்ல வர்ற ஆடியோவுக்கு இந்தத் தாமதம் கிடையாது. மென்பொருள் என்ன பண்ணும்? தாமதமா வந்த ஆடியோவை மிக்ஸர் ஆடியோவோட ஒட்ட, கிளிப்பையே 100 மில்லி செகண்ட் முன்னாடி இழுத்துடும். கூடவே படமும் முன்னாடி போயிடும். இப்ப டிரம்ஸ்ல குச்சி விழுந்து ரெண்டரை ஃப்ரேம் கழிச்சு சத்தம் கேக்கும். மேடை ஓரத்துல இருக்கற கேமராவுல இந்தக் கோளாறு இருக்காது. அதனால ரெண்டு கேமராவுக்கும் மாறி மாறி வெட்டும்போது ஏதோ ஒண்ணு உறுத்தும், என்னன்னு பிடிபடாது.

தீர்வு ரொம்ப சின்னது. தானா சிங்க் ஆனப்புறம் தூரக் கேமரா கிளிப்ல படத்தையும் ஆடியோவையும் பிரிச்சுடுங்க. படத்தை மட்டும் வலது பக்கம், அதாவது பின்னாடி தள்ளுங்க. 25 ஃப்ரேம்ல எடுத்தா, தோராயமா 14 மீட்டருக்கு 1 ஃப்ரேம். கேமராவோட ஆடியோவை இருந்த இடத்துலயே விடுங்க. அது வேற ஒரு வேலைக்கு நமக்கு வேணும்.

எவ்வளவு பிழை வரைக்கும் விடலாம்? சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியம் ஒளிபரப்புக்கு ஒரு பரிந்துரை வெச்சிருக்கு. சத்தம் படத்தைவிட முந்தினா 45 மில்லி செகண்ட்லயே மனுஷன் கண்டுபிடிச்சிடறான், பிந்தினா 125 வரைக்கும் தெரியறதில்லை. இடி, மின்னல் மாதிரி, தூரத்துச் சத்தம் பிந்தி வர்றது நமக்குப் பிறந்ததுல இருந்து பழக்கம். சத்தம் முந்தறது இயற்கையில நடக்கவே நடக்காது. அதனால சந்தேகம் வந்தா ஆடியோ அரை ஃப்ரேம் பிந்தற பக்கமே விடுங்க. ஆனா அந்த 125 பேசற முகத்துக்கு ஓரளவு பொருந்தும். டிரம்ஸ், கிட்டார் மீட்டற விரல், இதோட நெருக்கக் காட்சியில ஒரு ஃப்ரேமுக்குள்ள இருக்கணும்ங்கறது என் கட்சி.

மேடைக்குப் பின்னாடி பெரிய எல்.இ.டி. திரையில பாடகர் முகம் ஓடுச்சா? அந்தத் திரைக்கு வர்ற படமே கேமரா, சுவிட்சர், திரை இயக்கிக் கருவின்னு கடந்து சில ஃப்ரேம் பிந்திதான் வரும். அதை உங்களால திருத்த முடியாது. திரை பெருசா தெரியற ஷாட்டை, வாய் அசையற இடத்துல தவிர்த்துடுங்க. அவ்வளவுதான்.

அடுத்த தடவைக்கு ஒரு பழக்கம். கச்சேரிக்கு முன்னாடி எல்லா கேமராவும், ரெக்கார்டரும் ஓட ஆரம்பிச்சப்புறம், மேடை நடுவுல ஒருத்தர் நின்னு கிளாப் பலகையை அடிக்கணும், கையைத் தட்டினாலும் சரி. மூணு கேமராவுலயும் தெரியணும், மேடை மைக்ல விழணும். பாதிப் பேர் இதோட நிறுத்திடறாங்க. முடிஞ்சப்புறம், எதையும் அணைக்கறதுக்கு முன்னாடி, இன்னொரு தடவை தட்டணும். முதல் தட்டு எங்க தொடங்கணும்னு சொல்லும். கடைசித் தட்டுதான் எவ்வளவு நழுவியிருக்குன்னு சொல்லும்.

இது இல்லாம என்ன ஆகும்ங்கறதுக்குப் பேர் போன உதாரணம், அமெரிக்கப் பாடகி அரீதா ஃபிராங்க்ளின் 1972 ஜனவரியில லாஸ் ஏஞ்சலிஸ் தேவாலயம் ஒண்ணுல ரெண்டு இரவு பாடின நிகழ்ச்சி. படமாக்கினவர் சிட்னி பொல்லாக், கதைப்படங்கள்ல பெரிய ஆள். ஆனா அங்க கிளாப் பலகை அடிக்கல. சுருள் சுருளா படம் இருந்தும், எந்தச் சுருள் பாட்டோட எந்த இடம்னு பொருத்த முடியல. உதட்டசைவு படிக்கத் தெரிஞ்சவங்களைக் கூட வெச்சுப் பார்த்தாங்க. இசைத்தட்டு அதே வருஷம் வந்துடுச்சு, படம் பெட்டிக்குள்ள கிடந்துச்சு. டிஜிட்டல் வசதி வந்தப்புறம் பொருத்த முடிஞ்சுது. அதுக்கப்புறமும் வழக்கு விவகாரம்னு இழுத்து, ‘அமேசிங் கிரேஸ்’ங்கற அந்தப் படம் திரைக்கு வந்தது 2018-ல. ஒரு பலகை அடிக்காததுல தொடங்கின கதை இது.

எல்லா கேமராவுலயும் ஒரே நேரக் குறியைப் பதியற டைம்கோடு பெட்டி வாங்கலாமான்னும் கேப்பீங்க. நல்ல விஷயம், தேடற நேரம் மிச்சம். ஆனா டைம்கோடு கிளிப் எங்க உட்காரணும்னுதான் சொல்லும். கேமரா தன் சொந்தப் படிகத்தோட வேகத்துலதான் ஓடும். 2 மணி நேரம் நிறுத்தாம ஓடின கிளிப் டைம்கோடு இருந்தாலும் நழுவும்.

இப்ப ரெண்டாவது பிரச்சினை, “ஆளே இல்லாத ஹால்” மாதிரி ஆடியோ.

மிக்ஸர்ல இருந்து வர்றது ஹாலுக்காகப் போட்ட கலவை, பதிவுக்காகப் போட்டதில்ல. டிரம்ஸ் மாதிரி தானே சத்தமா கேக்கற வாத்தியத்தை சவுண்ட் இன்ஜினியர் மிக்ஸர்ல கொஞ்சமா வெச்சிருப்பார், ஏன்னா அது ஹால்ல நேராவே கேக்குது. குரலை மட்டும் ஏத்தியிருப்பார். அதனால பதிவுல குரல் முகத்துக்கு முன்னாடி நிக்கும், டிரம்ஸ் அடுத்த ரூம்ல வாசிக்கிற மாதிரி இருக்கும். கைதட்டலுக்கோ ஹால் எதிரொலிக்கோ மைக்கே கிடையாது. அவர் தன் வேலையைச் சரியாத்தான் செஞ்சிருக்கார்.

இருக்கறதை வெச்சு சரிபண்ண, இப்பத்தான் கேமரா ஆடியோ வேலைக்கு வருது. போனோடது வேண்டாம். அதுல தானியங்கி ஒலியளவு இருக்கும், கைதட்டல் வந்ததும் அமுக்கிடும், அடங்கினதும் இரைச்சலை ஏத்தும், மூச்சு வாங்கற மாதிரி கேக்கும். ரெண்டு கேமராவுல எது ஹால் நடுவுல இருந்துச்சோ அதை எடுங்க. 150 ஹெர்ட்ஸுக்குக் கீழ முழுசா வெட்டுங்க, அங்க ஸ்பீக்கரோட உறுமல்தான் இருக்கும். பாட்டு ஓடும்போது மிக்ஸர் ஆடியோவைவிட 12-ல இருந்து 15 டெசிபல் கீழ வைங்க. கடைசி சுரம் அடங்க ஆரம்பிக்கும்போது 1 செகண்ட் எடுத்துக்கிட்டு 8, 10 டெசிபல் ஏத்துங்க. அடுத்த பாட்டு தொடங்கும்போது 2 செகண்ட்ல மெதுவா இறக்குங்க. கைதட்டல் திடீர்னு வெடிக்கும், அந்த டிராக்ல ஒரு லிமிட்டர் (சத்தம் ஒரு அளவைத் தாண்டாம தடுக்கறது) இருக்கட்டும்.

இது பொருந்தறதுக்கு நிபந்தனை, நேரம். முன்னாடி சொன்னேனே, கேமரா ஆடியோவை அலைவடிவம் ஒட்டின இடத்துலயே விடுங்கன்னு, அது இதுக்காகத்தான். படத்தோட சேர்த்துத் தள்ளியிருந்தா 100 மில்லி செகண்ட் பிந்தி ஒவ்வொரு அடிக்கும் இரண்டாவது அடி கேக்கும், தோட்டத்துல கல் உடைக்கிற மாதிரி. 30 மில்லி செகண்டுக்குள்ள பிந்தினா காது அதை ஹாலோட ஒலின்னு ஏத்துக்கும். 50-ஐத் தாண்டினா எதிரொலியாப் பிரிச்சுக் கேக்கும். பாட்டுக்குப் பாட்டு வெட்டும்போது இந்த ஆடியோவையும் கூடவே வெட்டிப் பொருத்துங்க, அதுவும் கேமரா கடிகாரத்துல ஓடினதுதானே.

கடையில கிடைக்கிற கைதட்டல் ஒலியைச் சேர்க்காதீங்க. 200 பேர் இருந்த ஹால்ல 5000 பேர் தட்டற சத்தம் முதல் தடவையே காட்டிக்கொடுத்துடும்.

அடுத்த கச்சேரிக்கு, மேடை முன்விளிம்புல இடது வலது ஓரத்துல ரெண்டு மைக், முகம் பார்வையாளர் பக்கம், முதுகு ஸ்பீக்கர் பக்கம். முன்பக்கம் மட்டும் வாங்கற கார்டியாய்டு மைக் போதும். அதை மிக்ஸரோட ரெண்டு காலி சேனல்ல கொடுத்து, ஹால் ஸ்பீக்கருக்குப் போகாம பதிவுக்கு மட்டும் போகச் சொல்லுங்க. இதை இன்ஜினியர்கிட்ட ரெண்டு தடவை சொல்லுங்க. தப்பித் தவறி ஸ்பீக்கருக்குப் போனா ஹால் முழுக்க கூவும். இப்ப வர்ற டிஜிட்டல் மிக்ஸர் நிறைய, ஒவ்வொரு சேனலையும் தனித்தனியா யு.எஸ்.பி. வழியா பதிவு பண்ண விடும். 48 கிலோ ஹெர்ட்ஸ், 24 பிட்ல ஒரு சேனலுக்கு மணிக்கு சுமார் 520 எம்.பி. 32 சேனல், 2 மணி நேரம்னா 33 ஜி.பி. கிட்ட. 64 ஜி.பி. இடம் காலியா இருந்தா பயமில்ல. தனித்தனியா கிடைச்சா டிரம்ஸைப் பின்னாடி எவ்வளவு வேணா ஏத்திக்கலாம்.

சின்ன ரெக்கார்டரே போதும்னா, மிக்ஸர் அனுப்பறது லைன் அளவு, அதாவது மைக்ல இருந்து வர்றதைவிடப் பல மடங்கு பலமான சிக்னல், ரெக்கார்டர் உள்ளீட்டையும் லைன்னு மாத்தியிருக்கணும். மைக் அளவுல விட்டா பாட்டு உச்சத்துல கரகரன்னு உடையும், அதை எந்த மென்பொருளும் முழுசா சரிபண்ணாது. ரெக்கார்டர்ல இருந்து ஒயர் வழியா மைக்குக்குப் போற ஃபேன்டம் மின்சாரத்தை அணைச்சுடுங்க. ஒத்திகையில உச்சம் மைனஸ் 12 டெசிபலைத் தொட்டா போதும். கச்சேரியில எல்லாரும் ஒத்திகையைவிட சத்தமாத்தான் பாடுவாங்க.

படம் எடுக்கறதைப் பத்தி நேயர் கேக்கல, ஆனாலும் ரெண்டு வார்த்தை. மூணு கேமராவுல ஒண்ணு மேடை முழுக்கத் தெரியற மாதிரி அசையாம, மின்சாரத்துல நேரா இணைச்சு, தொடக்கத்துல இருந்து கடைசி வரைக்கும் ஓடணும். அதுதான் காப்பு. மத்த ரெண்டும் கார்டு, பேட்டரி மாத்தறதை ஒரே நேரத்துல பண்ணக் கூடாது. ‘தி லாஸ்ட் வால்ட்ஸ்’ கச்சேரிப் படத்துக்காக 1976 நவம்பர்ல சான் ஃபிரான்சிஸ்கோவுல இயக்குநர் மார்ட்டின் ஸ்கார்சேசி 35 மி.மீ. கேமரா 7 வெச்சிருந்தார். 1000 அடிச் சுருள் 11 நிமிஷம்தான் ஓடும். ப்ளூஸ் பாடகர் மட்டி வாட்டர்ஸ் பாட வந்த நேரத்துல மத்த கேமரா எல்லாம் சுருள் மாத்தப் போயிடுச்சு, ஓடினது ஒண்ணே ஒண்ணு. அந்த ஒண்ணு ஓடினதாலதான் அந்தப் பாட்டு படத்துல இருக்கு. இன்னிக்கு கார்டு 2 மணி நேரம் தாங்கும், ஆனா “கார்டு நிறைஞ்சிடுச்சு”ங்கற எச்சரிக்கை மட்டும் நல்ல பாட்டு நடக்கும்போதுதான் வரும்.

வெளிச்சம்: தானியங்கி எக்ஸ்போஷரை அணைச்சுடுங்க. பின்னாடி இருட்டு இருந்தா கேமரா பிரகாசத்தை ஏத்தி முகத்தை வெள்ளையாக்கிடும். வொயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளை நிறம் வெள்ளையாத் தெரிய வைக்கிற அமைப்பு, மூணுலயும் ஒரே எண். ஷட்டர், அங்க மின்சாரம் 50 ஹெர்ட்ஸ்னா 1/50, 60-ன்னா 1/60. எல்.இ.டி. திரையில பட்டை ஓடினா ஷட்டரைக் கொஞ்சம் கொஞ்சமா மாத்தி, பட்டை நிக்கற இடத்தைத் தேடுங்க. நீல வெளிச்சத்துல முகம் திட்டுத்திட்டா போனா எக்ஸ்போஷரை ஒரு ஸ்டாப், அதாவது பாதியா, குறைங்க.

கடைசியா, பேட்டி. பாட்டுக்கு நடுவுல பேட்டி வைக்கலாம், ஆனா எங்க வெட்டறீங்கங்கறதுலதான் இருக்கு. ஒரு வரி முடிஞ்சு, தாளம் ஒரு சுற்று முடியற இடத்துல வெட்டுங்க. பாதி வரியில வெட்டினா கேக்கறவங்களுக்கு யாரோ வாயைப் பொத்தின மாதிரி இருக்கும். பேச்சை இசைக்கு மேல போடறதா இருந்தா, வாத்தியம் மட்டும் வர்ற இடத்தைத் தேர்ந்தெடுங்க, இசையை 12 டெசிபலாவது இறக்குங்க. பாட்டு வரிக்கு மேல பேச்சு போனா ரெண்டும் புரியாது. பேட்டி முடிஞ்சு பாட்டுக்குத் திரும்பும்போது விட்ட இடத்துல இருந்து தொடர வேண்டாம். இசை உள்ளுக்குள்ள ஓடிக்கிட்டே இருந்த மாதிரி, பேட்டி எவ்வளவு நேரமோ அவ்வளவு தள்ளி, ஒரு சுற்றோட முதல் அடியில ஏறுங்க. குறைஞ்சது ரெண்டு பாட்டாவது வெட்டாம முழுசா இருக்கட்டும். ஆவணப்படம் பார்க்க வர்றவங்க பாட்டுக்காகவும்தான் வர்றாங்க.

பார்வையாளர் முகத்தை அளவா காட்டுங்க. இயக்குநர் ஜொனாதன் டெம்மி 1984-ல ‘ஸ்டாப் மேக்கிங் சென்ஸ்’ கச்சேரிப் படத்துல கிட்டத்தட்ட கடைசி வரைக்கும் பார்வையாளரைக் காட்டறதைத் தவிர்த்துட்டார். ரசிக்கிறதா வேண்டாமான்னு படம் பார்க்கறவங்களே முடிவு பண்ணட்டும்னுதான். ஆனா உங்களுக்கு நழுவலைத் திருத்த அந்த ஷாட் வேணும், அதனால முழுசா விட்டுடச் சொல்ல மாட்டேன்.

உரிமை விஷயம்: மேடையில பாட அனுமதி வாங்கியிருந்தா, அது படத்துல சேர்க்க அனுமதி ஆகாது. பாட்டை எழுதினவங்க, இசையமைச்சவங்க உரிமை ஒண்ணு, மேடையில பாடினவங்க வாசிச்சவங்க சம்மதம் இன்னொண்ணு. ரெண்டையும் எழுத்துல வாங்குங்க, எடிட்டிங் முடியறதுக்கு முன்னாடியே. ஒரு பாட்டுக்கு அனுமதி கிடைக்கலன்னா, அதை எடுத்துட்டு வேற வைக்க அப்பத்தான் இடம் இருக்கும்.

வேலையை இந்த வரிசையில செய்யுங்க. முதல்ல போன் ஃபைலை நிலையான ஃப்ரேமுக்கு மாத்துங்க, அப்புறம் ஆடியோவைப் பூட்டுங்க, பாட்டுக்குப் பாட்டு வெட்டிப் பொருத்துங்க, தூரக் கேமரா படத்தைப் பின்னாடி தள்ளுங்க, அதுக்கப்புறம் கைதட்டல். அப்படியும் ஏதாவது ஒரு கேமரா ஒத்துவரலன்னா, தொடக்கத்துல எத்தனை ஃப்ரேம், நடுவுல எத்தனை, கடைசியில எத்தனை, கேமரா ஸ்பீக்கர்ல இருந்து எத்தனை மீட்டர் தள்ளி இருந்துச்சுன்னு நாலு எண்ணை மட்டும் எழுதி அனுப்புங்க. வீடியோ அனுப்ப வேண்டாம், அந்த நாலு எண்ணே போதும்.